சந்தை சரியும் நாளில் விற்கும் பொத்தானைத் தொடும் முன்

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடு) ஒரே நாளில் சுமார் 13% சரிந்து 7,610-ல் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் 13,000-ஐத் தாண்டியது. எல்லாச் சரிவும் இவ்வளவு வேகமாக மீளாது என்பது வேறு விஷயம்.

பங்குகளில் முதலிடும் ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் காலை 9.30-க்குப் பதறி விற்றாலும், மதியம் 2.30-க்கு நிதானமாக விற்றாலும் கிடைப்பது சந்தை முடிந்த பிறகு கணக்கிடும் ஒரே என்.ஏ.வி.தான், அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு (3 மணிதான் கெடு). ஆக, காலை அவசரத்தால் ஒரு பைசா லாபமில்லை. ஓராண்டுக்குள் விற்றால் பல ஃபண்டுகளில் 1% எக்ஸிட் லோடு (வெளியேறும் கட்டணம்) வேறு. அப்படி விற்றதில் லாபம் இருந்தால் 20% வரி.

வாங்கும்போதே ஒரு தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள்: எதற்காக, எந்த ஆண்டு பணம் வேண்டும், என்ன நடந்தால் விற்பேன். மூன்றாவது வரியில் ‘விலை இறங்கினால்’ என்று மட்டும் எழுதாதீர்கள். விற்கத் தோன்றினால் தாளைப் படித்துவிட்டு இரண்டு இரவு பொறுங்கள்.

மூன்றாண்டுக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருந்தால் எந்தத் தாளும் உதவாது, அதை எஃப்.டி.க்கு மாற்றுங்கள்.

பேராசைக்கும் கடிவாளம் வேண்டும். மொத்த முதலீட்டில் பங்குக்கு 60% என்று முடிவு செய்திருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். 65%-ஐத் தாண்டியிருந்தால் கூடுதலை விற்றுக் கடன் ஃபண்டில் (கடன் பத்திரங்களில் முதலிடும் ஃபண்டு) போடுங்கள். ஏறும் சந்தையில் இதற்குத்தான் மனசே வராது.