சிஎஸ்எஸ்ஸும் கூகுள் தேடலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேபிள் வைத்துக் கட்டிய பழைய இணையதளத்தை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் அடுக்கு முறைகளான ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்று மாற்றினால் கூகுளில் மேலே வந்துவிடலாம் என்று நம்பிப் பலர் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். அதற்காக மட்டும் அந்த வேலையில் இறங்காதீர்கள். பக்கத்தை எந்த முறையில் அடுக்கினீர்கள் என்பதற்குக் கூகுள் மதிப்பெண் தருவதில்லை. ஆனால் எழுதியதை வாசகரிடமோ, பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் நிரலான கூகுள்பாட்டிடமோ போய்ச் சேரவிடாமல் சிஎஸ்எஸ் தடுத்தால், அங்கேதான் இழப்பு.

தேடல் நிரல்கள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை அடைத்து வைப்பது இன்னும் நடக்கிறது. கூகுள்பாட் உலாவியைப் போலவே பக்கத்தை வரைந்து பார்க்கிறது. வடிவமைப்புக் கோப்பு கிடைக்காவிட்டால் அதற்குத் தெரிவது உங்கள் தளமே அல்ல. அவற்றை அடைக்காதீர்கள் என்று 2014-லேயே கூகுள் சொல்லிவிட்டது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியின் யுஆர்எல் ஆய்வில் பக்க முகவரியைப் போட்டுப் பார்த்தால், அதன் கண்ணுக்குப் பக்கம் எப்படித் தெரிகிறது என்பது விளங்கிவிடும்.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் தேடலுக்கான முக்கியச் சொற்களை ஒளிப்பது நேர்மையற்ற வேலை. ஸ்பேம் என்றே கருதப்படும். தட்டினால் விரியும் பகுதிக்குள் பதிலை வைப்பது அப்படியல்ல, அதற்குத் தண்டனை கிடையாது. ஆனால் இடம் போதவில்லை என்று கைப்பேசிப் பதிப்பிலிருந்து பத்திகளையே நீக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அது பெரிய தவறு. கூகுள் இப்போது கைப்பேசிப் பதிப்பைத்தான் தன் தேடல் பட்டியலுக்கு எடுத்துக்கொள்கிறது. அங்கே இல்லாத பத்தி, தேடலிலும் இல்லை.

அப்புறம் படங்கள். முக்கியமான படத்தை சிஎஸ்எஸ் பின்னணியாக வைத்தால் இரண்டு நஷ்டம். கூகுள் படத் தேடல் அதை எடுத்துக்கொள்ளாது. உலாவியும் சிஎஸ்எஸ் கோப்பைப் படித்த பிறகுதான் அப்படி ஒரு படம் இருப்பதையே அறியும். பக்கம் திறந்ததும் திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இந்தத் தாமதம் அங்கே நேராக அடிக்கிறது. ஹெச்டிஎம்எல்லில் படத்துக்கென்றே உள்ள ஐஎம்ஜி டேகில் போடுங்கள், அகலமும் உயரமும் குறிப்பிடுங்கள். அளவு தராத படம் வந்து இறங்கும்போது கீழே உள்ள எழுத்தெல்லாம் நகர்கிறது. படித்துக்கொண்டிருந்தவர் வரியைத் தொலைக்கிறார். இந்த நகர்வின் மதிப்பெண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. விளம்பரப் பெட்டிக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள்.

தலைப்பை டிவ் என்ற வெறும் பொதுப் பெட்டியில் போட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்குவது சின்னத் தவறுதான். ஆனாலும் தலைப்புக்கென்றே எச்1, எச்2 டேகுகள் இருக்கும்போது அது எதற்கு? திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரை வாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கும் அந்த டேகுகள் இருந்தால்தான் வழி தெரியும்.

சரி, எல்லாவற்றையும் திருத்தியாகிவிட்டது. மறுநாளே சர்ச் கன்சோலைத் திறந்து ‘நன்று’ என்று காட்டும் பச்சை நிறத்தைத் தேடாதீர்கள். வேகமும் நகர்வும் நிஜ வாசகர்களின் உலாவிகளிலிருந்து 28 நாள் தரவாகத் திரட்டப்படுகின்றன. பழைய எண்கள் விலக அத்தனை நாள் ஆகும்.