செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு வீட்டிலேயே ஒரு கார்பன் டை ஆக்சைடு காட்டி

1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1.2 கிராம் சமையல் சோடா கரையுங்கள். அதில் 10 மில்லியோடு 90 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை (கரைந்த கார்பனேட்டின் அளவு) கிடைக்கும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், இதற்கு ஆகாது. அதில் கலந்தால் சோடா அளவு கணக்கில் நிற்காது. 4 டிகிரி கரைசலில், அமிலத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் சாயமான புரோமோதைமால் புளூ சில சொட்டு விடுங்கள்.

கவிழ்த்த டம்ளருக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பியை, வாய் மேலே பார்க்க, சிலிகோன் பசையால் ஒட்டுங்கள். காய்ந்ததும் சிரிஞ்சில் குழாய் மாட்டி அந்தக் கரைசலால் குப்பியைப் பாதி நிரப்பி, டம்ளரைக் கவிழ்த்தபடியே தொட்டிக்குள் நேராக இறக்கிப் பொருத்துங்கள். நான் முதல் தடவை சாய்த்துவிட்டேன். தொட்டித் தண்ணீர் புகுந்து எல்லாம் பாழ். கரைசலுக்கும் தொட்டித் தண்ணீருக்கும் இடையில் காற்று நிற்க வேண்டும்.

கரைசல் நீலம் என்றால் கார்பன் டை ஆக்சைடு வாயு போதாது. வாழைக்குருத்துப் பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு), சரி. மஞ்சளானால் உடனே வாயுவைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். நிறம் மாற இரண்டு மணி நேரமாவது பிடிக்கும்.