ஒரே செடி, வெவ்வேறு எண்ணெய்: ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பிரான்சின் தென்பகுதியில் தானாக வளரும் தைம் செடிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எண்ணெய் வடித்தால் ஒன்றில் தைமால் என்ற மணப்பொருள் மேலோங்கும், இன்னொன்றில் லினலூல் என்ற வேறொரு மணப்பொருள். இப்படி, எண்ணெயில் மேலோங்கும் பொருளால் வேறுபடும் 6 வேதி வகைகள் அங்கே அறியப்பட்டிருக்கின்றன. வேறொரு காட்டு மணச்செடியில் இதைத் தேட விரும்புவோருக்கான வழிமுறை இது.

படி 1: பறித்தல்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பூக்கும் முன் ஒன்றையும் பூத்தபின் மற்றொன்றையும் பறித்துவிட்டு, வேறுபாட்டை மண்ணின் தலையில் கட்டாதீர்கள். பருவம், பறிக்கும் நேரம், இலையா பூவா என்பது எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். செடிக்கு ஒரு பை, பைக்கு ஒரு எண். பல செடிகளின் இலைகளைக் கலந்தால் கிடைப்பது சராசரி; அந்தச் சராசரியைக் கொண்ட செடி காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பூவுடன் கூடிய கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, அதே எண்ணுடன் வையுங்கள். இனத்தின் பெயரில் சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

படி 2: உலர்த்தல்

நிழலில், மெல்லிய அடுக்காக. எல்லா மாதிரிகளுக்கும் ஒரே கால அளவு.

படி 3: வடித்தல்

கிளெவெஞ்சர் கருவியில் (இலையை நீரில் கொதிக்கவைத்து, ஆவியோடு வரும் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கண்ணாடி அமைப்பு) 100 கிராம் உலர்ந்த இலை, 3 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் அதுவே. அவசரப்பட்டு அடுப்பை அணைத்தால், பிந்தி வரும் செஸ்குவிடெர்பீன்கள் என்ற கனமான மணப்பொருள்கள் குறைந்துபோகும். எண்ணெயில் எஞ்சிய ஈரத்தை நீரற்ற சோடியம் சல்பேட் கொண்டு நீக்கி, பழுப்புக் குப்பியில் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள்.

படி 4: பகுத்தல்

எண்ணெயை ஹெக்சேனில் நூறு மடங்கு நீர்க்கச் செய்து, நிறைமாலைமானி இணைந்த வாயு நிறப்பிரிகைக் கருவியில் (GC-MS) செலுத்துங்கள்; அது கலவையின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நிறையைக் கொண்டு அடையாளம் காட்டும். கணினி முதலில் காட்டும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். தைமால், கார்வக்ரால் இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 150. இரண்டின் நிறைமாலையிலும், அதாவது மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் படத்திலும், உயர்ந்த கோடு 135. இரட்டையரைப் பிரித்துக் காட்டுவது அவை வெளிவரும் நேரம். அதே நிலைமைகளில் ஆல்கேன் வரிசை ஒன்றையும் (நீளம் படிப்படியாகக் கூடும் ஹைட்ரோகார்பன்கள்) ஓட்டி, அவற்றோடு ஒப்பிட்டு ஒரு பொருள் வெளிவரும் நேரத்தைக் குறிக்கும் எண்ணான தக்கவைப்புக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். கருவியில் பொருள்களைப் பிரிக்கும் குழாய் முனைவற்ற (non-polar) வகையானால், தைமால் ஏறத்தாழ 1290, கார்வக்ரால் ஏறத்தாழ 1299.

விழுக்காட்டிலும் ஒரு பொறி உண்டு: மொத்தம் எப்போதும் 100 என்பதால், ஒரு பொருள் கூடினாலே மற்றவை குறைந்ததுபோல் தெரியும். 100 கிராமுக்கு எத்தனை மில்லிலிட்டர் எண்ணெய் கிடைத்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

படி 5: காரணம் அறிதல்

வேறுபட்ட செடிகளின் தண்டுகளை வெட்டி, ஒரே மண்ணில் பதியனிட்டு வளருங்கள். அவை அதே பருவத்தை எட்டியதும் மீண்டும் வடியுங்கள். வேறுபாடு நிலைத்தால் பெரும்பாலும் மரபுதான் காரணம். மறைந்தால் வளர்ந்த இடம்.