பழைய போர்ஷே 911: ஆயில் அளவு பார்ப்பதும் கசிவைத் தேடிப் பிடிப்பதும்

ஒரு காலையில், வண்டியைக் கிளப்பும் முன் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) உருவினேன். நுனியில்கூட ஆயில் இல்லை. பதறிப்போய் ஒரு லிட்டர் ஊற்றினேன்; அப்போதும் தெரியவில்லை, இன்னொரு லிட்டர். என்ஜின் சூடானதும் பின்னால் நீலப்புகை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் குளம்போல் நின்றது.

என்னுடையது 911 எஸ்சி. இதில் 10 லிட்டருக்கும் மேல் ஆயில் ஓடுகிறது. பெரும்பகுதி தங்குவது வலது பின்சக்கரத்தை ஒட்டிய தனி டேங்கில். ட்ரை சம்ப் என்பது இதுதான். வண்டி நின்றால் டேங்க் ஆயில் மெல்ல மெல்ல என்ஜினுக்குள் இறங்கிவிடும். அதனால் காலையில் டிப்ஸ்டிக் காட்டுவது உண்மையான அளவே அல்ல.

அளவு பார்க்க: ஆயில் வெப்பநிலை 80 டிகிரியைத் தாண்டும்வரை ஓட்டுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போடுங்கள். என்ஜினை அணைக்காதீர்கள். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி செருகி எடுங்கள். பக்கத்திலேயே ஃபேன் பெல்ட் சுழல்கிறது; தொளதொளவென்ற சட்டைக்கையை மடித்துவிடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நின்றால் நான் மேற்கொண்டு ஊற்றுவதில்லை. குறைந்தால் அரை லிட்டர், இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி பார்ப்பது. டேஷ்போர்டு லெவல் முள்ளும் இதே நிலையில்தான் சரியாகச் சொல்லும். ஓட்டும்போது அது கீழே விழுந்தால் பயப்பட வேண்டாம்.

கசிவு தேட: முதலில் என்ஜினை ஆறவிட்டு, அடிப்பக்கம் முழுக்க டீகிரீஸர் (பிசுக்கு நீக்கும் திரவம்) போட்டுத் துடையுங்கள். அழுக்கின் மேல் தேடினால் எல்லாமே கசிவாகத்தான் தெரியும். காய்ந்தபின் சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள். யூவி சாயத்தைவிட (ஆயிலில் கலந்து, புற ஊதா விளக்கில் பார்ப்பது) எனக்குப் பவுடர்தான் பிடிக்கும்: சாயத்தை ஒருமுறை கலந்துவிட்டால், அடுத்த ஆயில் மாற்றும்வரை பழைய கறையும் புதுக்கசிவும் சேர்ந்தே ஒளிரும்.

அடியில் போகும் முன் ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தொடங்கும் உச்சியைத் தேடுங்கள். என் வண்டியில் அது ஆயில் ரிட்டர்ன் குழாய்; சிலிண்டர் பக்கமிருந்து ஆயிலை என்ஜினின் நடுப்பகுதிக்குத் திருப்பிவிடுவது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு குழாய்கள். இரு முனையிலும் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். எக்ஸாஸ்ட் சூட்டில் ரப்பர் இறுகிப்போய், மேல்முனையில் மயிரிழை அகலத்தில் பவுடர் பழுப்பாகியிருந்தது. அங்கிருந்து வழிந்த ஆயில், எக்ஸாஸ்ட் சூட்டில் ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பட்டுத்தான் ஹீட்டர் போட்டால் கருகல் வாடை வந்திருக்கிறது.

பழைய ஒற்றைக் குழாயை நசுக்கி எடுத்துவிட்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீட்டிச் சுருக்கும் இரண்டு துண்டுக் குழாய் போடுங்கள். என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஓ-ரிங்கில் ஆயில் தடவாமல் செருகினால் முறுக்கிக்கொள்ளும்.

பிற்சேர்க்கை: மூடியைத் திறந்ததும் என்ஜின் திணறுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். திறந்த மூடி வழியே காற்று புகுவதால் எஸ்சியில் திணறத்தான் வேண்டும். திணறாவிட்டால் ஏற்கெனவே வேறெங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம்.

இன்னொருவர் குழாய்களை மாற்றியும் கியர்பாக்ஸ் பக்கம் சொட்டுவதாக எழுதினார். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள ஃப்ளைவீல் சீல்தான் கசிகிறது என்று முடிவுகட்டி என்ஜினை இறக்கிவிடாதீர்கள். ஃபேனுக்குப் பின்னால், மேல்பக்கத்தில், ஆயில் அழுத்தத்தை அளக்கும் சென்சார், தெர்மோஸ்டாட், என்ஜின் ஆவி வெளியேறும் பிரீதர் மூடி மூன்றும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே கசிந்தாலும் ஆயில் அதே இடத்துக்குத்தான் வழிந்து வரும். டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்து அதை முதலில் பாருங்கள்.