ராவில ஏறுற பீஎச்

எங்கட சின்ன ஜூஸ் ஃபக்டரியில போத்தல் கழுவுறது கோஸ்டிக் சோடா எண்ட காரத்தில, கழிவுத் தண்ணிக்கு டாங்கில அசிட் விட்டு பீஎச்ச (அமிலமோ காரமோ எண்டு காட்டுற எண், கூடினா காரம்) 7.5க்கு இறக்கிப்போட்டுத்தான் வெளிய விடுறது. ஆனா லாப் ரிப்போட்டில ஒவ்வொருக்காவும் 8.5 எல்லையத் தாண்டித்தான் வந்துது. மீற்றரில பிழையெண்டு புது பஃபர் (பீஎச் தெரிஞ்ச கரைசல்) வாங்கி கலிப்ரேற் பண்ணினம், ஒண்டும் மாறேல்ல. கோஸ்டிக்கக் குறைச்சுப் பாத்தம், போத்தலில பழைய மணம் நிண்டதுதான் மிச்சம்.

பிடிபட்டது சாம்பிள் போத்தலில. உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ், மூடியத் திறக்க சோடா மாதிரி ஒரு புஸ். அதையே ஒரு கப்பில ஊத்தி ராமுழுக்கத் திறந்து வச்சா காலம பீஎச் 8.8! யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால வாறதெல்லோ, பைகாபனேற் நிறைய இருக்கு, அசிட் பட்டதும் அது காபனீரொட்சைட்டாகி தண்ணிக்குள்ளயே கரைஞ்சு நிண்டு பீஎச்சக் குறைச்சுக் காட்டும், பிறகு வாயு மெல்ல மெல்லப் போகப்போக பீஎச் திரும்ப ஏறும்.

இப்ப அசிட் விட்டாப் பிறகு புளோவர் போட்டு ஒரு மணித்தியாலம் வடிவாக் காத்து அடிச்சு, அதுக்குப் பிறகுதான் அளக்கிறது, தேவையெண்டா இன்னும் கொஞ்ச அசிட். டாங்க் மூடி திறந்திருக்கோணும், அந்த வாயு காத்தை விடக் கனம், அடியில தங்கும், ஆரும் உள்ள இறங்கவே கூடாது. அடுத்தநாள் அளந்தாலும் 8க்குக் கீழதான் நிக்குது.