லாகோஸில் வேலையா? வீடு பார்ப்பதற்கு முன்னால் பாலத்தைப் பாருங்கள்

நைஜீரியாவில் வேலை கிடைத்து லாகோஸ் போகிறவர்கள் வாடகை எவ்வளவு, கரண்ட் எத்தனை மணி நேரம் வரும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டியதே அதுதான். நகரத்தைக் காயல் பிரித்து வைத்திருக்கிறது. இகேஜா, யாபா, சுருலேரே, ஒஷோடி எல்லாம் மெயின்லேண்ட்; லாகோஸ் ஐலேண்ட், இக்கோயி, விக்டோரியா ஐலேண்ட், அப்புறம் நீளமாகக் கிழக்கே போகிற லெக்கி, இவையெல்லாம் ஐலேண்ட் பக்கம். இரண்டையும் இணைக்கிற சாலைப் பாலங்கள் மூன்றுதான்: கார்ட்டர், எக்கோ, 1990-இல் முடிந்த தேர்ட் மெயின்லேண்ட். கடைசியாகச் சொன்னது மட்டும் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். பெரிய ஆபீஸ்கள் நிறைய ஐலேண்டில், கையைக் கடிக்காத வாடகை மெயின்லேண்டில் என்பதால், காலையில் ஊரே ஒரு பக்கம் போய் சாயங்காலம் ஊரே மறுபக்கம் திரும்புகிறது.

அதனால் வேலை எந்தப் பக்கமோ வீடும் அந்தப் பக்கமே பாருங்கள், இரண்டு அறை குறைந்தாலும் பரவாயில்லை. முடிவு செய்யும் முன் மேப்பில் தூரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அல்ல, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு. லெக்கியில் ஒரு வில்லங்கம் உண்டு. ஐலேண்ட் பக்கம்தானே என்று உள்ளே தள்ளி வீடு எடுத்தால், போகவர பெரும்பாலும் லெக்கி-எப்பே எக்ஸ்பிரஸ்வேயையே நம்பியிருக்க வேண்டும், பாலம் ஏறாமலேயே ட்ராஃபிக்கில் மாட்டுவீர்கள். பாலம் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் விடியும் முன் கிளம்பி ஆபீஸ் வாசலில் காரிலேயே ஒரு தூக்கம் போடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, விவரமானவர்கள்.

சரி, எதில் போவது? எங்கும் கிடைப்பது டான்ஃபோ. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட பழைய வேன், கதவில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் இடத்தின் பெயரைக் கத்துவார். ஏறும் முன்பே காசு எவ்வளவு என்று கேளுங்கள். மழை பெய்தால், கூட்டம் அதிகமானால், பெட்ரோல் விலை கூடினால், அதே தூரத்துக்கு வேறு கட்டணம். 2023 மே மாதம் பெட்ரோல் மானியத்தை எடுத்ததிலிருந்து எல்லாமே ஏறிவிட்டது, எனவே யாரோ முன்பு எழுதிவைத்த கட்டணத்தை நம்பிப் போகாதீர்கள். சில்லறை கட்டாயம். பெரிய நோட்டை நீட்டினால் கண்டக்டர் உங்களையும் இன்னொரு பயணியையும் ஜோடி சேர்த்து, இரண்டு பேருக்கும் உரிய மீதியைச் சேர்த்து ஒரே நோட்டாகக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்; இறங்கியபின் பங்கு பிரிப்பது உங்கள் பாடு. அந்தப் பயணி கூட்டத்தில் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே 'ஓவா!' என்று உரக்கச் சொல்ல வேண்டும், மெதுவாகச் சொன்னால் அடுத்த நிறுத்தம்தான். நிறுத்தங்களில் டிரைவரிடம் அடாவடியாகப் பணம் வசூலிக்கிற அக்பேரோக்களைக் கண்டு பதற வேண்டாம், அந்தப் பணமும் உங்கள் கட்டணத்தில்தான் இருக்கிறது.

இரவில் நடுரோட்டில் நின்று, பாதி காலியாக வருகிற வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். பயணிகள் போல் ஆட்கள் உட்கார்ந்திருந்து கொள்ளையடிக்கிற வேலைக்கு அங்கே 'ஒன் சான்ஸ்' என்று பெயரே இருக்கிறது. பஸ் கிளம்புகிற ஸ்டாண்டுக்குப் போய் ஏறுவதே நல்லது.

கேக்கே என்பது நம்மூர் பஜாஜ், டி.வி.எஸ். ஆட்டோதான், ஆனால் ஷேர் ஆட்டோ கணக்கு. தனியாக வேண்டுமானால் 'டிராப்' என்று சொல்லிப் பேரம் பேசுங்கள். ஒகாடா எனப்படும் பைக் டாக்சிக்கு 2022 ஜூன் 1 முதல் இகேஜா, சுருலேரே, அபாபா உட்படப் பல பகுதிகளில் தடை இருக்கிறது. அங்கே கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஆப் டாக்சிக்காரர் வண்டி எடுக்கும் முன் போன் போட்டு எங்கே போகிறீர்கள், பணமா கார்டா என்று கேட்பது சகஜம், பணம் என்றால் வருவார்.

ரயிலைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம், ஆனால் வழியில் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய ப்ளூ லைன் மைல் 2-இலிருந்து மரினா வரை 13 கிலோமீட்டர், ஐந்தே நிலையங்கள், காயலைத் தாண்டி ஐலேண்டில் இறக்கிவிடும். 2024 அக்டோபரில் பயணிகளுக்குத் திறந்த ரெட் லைன் அக்பாடோவிலிருந்து இகேஜா, ஒஷோடி, யாபா வழியாக ஒயிங்போ வந்து நின்றுவிடுகிறது. பாலம்தான் பிரச்சினையாக இருக்கிற ஊரில் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிற ரயில்! அங்கிருந்து மறுபடி பஸ். 2008 முதல் ஓடுகிற பி.ஆர்.டி. என்ற விரைவு பஸ்ஸுக்குப் பல இடங்களில் தனிப்பாதை உண்டு. ஓட்டம் வேகம், க்யூ நீளம். இதற்கும் ரயிலுக்கும் கௌரி கார்டு வேண்டும், வந்த முதல் வாரமே வாங்கிப் பணம் போட்டு வையுங்கள். இக்கோரோடு பக்கம் வீடு என்றால் படகு நேரத்தை மிச்சம் பிடிக்கும். லைஃப் ஜாக்கெட் தராத படகிலும், இருட்டிய பிறகும் ஏறாதீர்கள்.

மழைக்காலத்தில், குறிப்பாக ஜூன் ஜூலையில், தண்ணீர் தேங்கி எல்லாக் கணக்கும் தப்பும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாகோஸ்-இபாதான் சாலைப் பக்கம் அவசரமில்லாமல் தலைவைக்க வேண்டாம். கோ-ஸ்லோ என்று அங்கே சொல்கிற ட்ராஃபிக் நெரிசலில் மாட்டினால் பசிக்குக் கவலையில்லை, வாழைக்காய் சிப்ஸ், தண்ணீர் பாக்கெட் எல்லாம் ஜன்னலுக்கே வரும். வாங்கி முடித்ததும் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், திறந்த ஜன்னலோரம் போனை நோண்டிக்கொண்டு உட்காராதீர்கள்.