வாசலில் பொலிஸ், ஃபோனில் சுகாதாரப் பிரிவு: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

2021 ஜனவரியில் என் சித்தி மகன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் 14 நாள் தனிமைப்படுத்தலில் இருந்தான். தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே, எல்லாம் ஏமாற்று வேலை என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்ததில், அவன் அறையில்தான் இருக்கிறானா என்று பார்க்க அரசாங்கம் எடுத்த அழைப்புகளையும் அவன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பொலிஸ் வந்து நின்றது. பொடியன் பின்பக்க ஜன்னலைப் பார்க்கிறான்! போரின்போது இராணுவச் சுற்றிவளைப்புக் காலத்தில் வளர்ந்த பிள்ளை, அவனைக் குறை சொல்ல முடியாது. வந்தவர் வாசல்படியிலேயே நின்று பெயரைக் கேட்டார், ஆள் வீட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். ஜன்னலால் குதித்திருந்தால்தான் வில்லங்கம்.

அந்தக் கொரோனா விதிகள் இப்போது இல்லை, எல்லையில் இருந்தவையும் 2022 ஒக்டோபர் 1-உடன் போய்விட்டன. ஆனால் அவற்றுக்குக் கீழே இருந்த சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. நம் ஆட்கள் குழப்பிக்கொள்வது ஒரு இடத்தில்தான்: பொலிஸ் கேட்பதும், தொற்றுநோய்களைக் கவனிக்கும் சுகாதாரப் பிரிவு (பப்ளிக் ஹெல்த்) கேட்பதும் ஒன்று என்று நினைத்து, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பயந்து ஒளிவது, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் திறந்து விடுவது.

முதலில் பொலிஸ். கனடாவின் உரிமைகள் சாசனம் 8-ஆம் பிரிவு, நியாயமற்ற சோதனையில் இருந்து உங்களைக் காக்கிறது, நீங்கள் குடியுரிமை உள்ளவரா, மாணவரா, அகதிக் கோரிக்கையாளரா என்று அது பார்ப்பதில்லை. கதவைத் தட்டிப் பேச யாருக்கும் உரிமை உண்டு. உள்ளே வந்து தேட வாரன்ட் வேண்டும், அல்லது உங்கள் சம்மதம் வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் "வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ" என்று சொல்லிக் கதவை அகலத் திறந்தால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆகவே மரியாதையை வாசலோடு நிறுத்துங்கள். வாரன்ட் காட்டினால் முகவரியும் திகதியும் சரியா என்று பாருங்கள். இல்லை என்றால் சம்மதம் இல்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். அதையும் மீறி உள்ளே வந்தால் மறிக்கவோ தள்ளவோ வேண்டாம், அது தனி வழக்காகிவிடும், சோதனை சரியா பிழையா என்பதை வழக்கறிஞர் பிறகு நீதிமன்றத்தில் கேட்பார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களே, மேல்மாடி வீட்டுக்காரர் "போய்ப் பாருங்கோ" என்று சொன்னால் அது உங்கள் சம்மதம் ஆகாது.

விதிவிலக்குகளில் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது 911. பிள்ளை ஃபோனை நோண்டி 911-ஐ அழுத்திவிட்டு வைத்துவிடும், நீங்கள் மறந்தே போயிருப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் வாசலில் பொலிஸ். உயிருக்கு ஆபத்தில் யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்க, அப்படியான அழைப்புக்குப் பிறகு வாரன்ட் இல்லாமல் உள்ளே வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் கொடோய் வழக்கில் சொல்லிவிட்டது. தவறுதலாக அழுத்துப்பட்டால் வைக்காமல் "தவறு நடந்துவிட்டது" என்று சொல்லி முடியுங்கள்.

தெருவில் நடக்கும்போது, வெறுமனே தகவல் சேர்க்கப் பெயரும் அடையாள அட்டையும் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதை அவர்களே உங்களிடம் சொல்ல வேண்டும் என்ற ஒன்ராறியோ விதி 2017 ஜனவரி 1 முதல் இருக்கிறது. கைது செய்தால் கதை வேறு. கார் ஓட்டினாலும் வேறு: லைசென்ஸ், இன்சூரன்ஸ், வாகனப் பதிவு மூன்றையும் காட்டித்தான் ஆக வேண்டும்.

சரி, தொற்றுநோய் நேரத்தில் இதெல்லாம் நிற்குமா? ஆட்டம் கண்டது உண்மை. 2020 ஏப்ரலில் இருந்து சில மாதங்கள், யாருக்குக் கொரோனா என்று காட்டும் தரவுத்தளத்தைப் பொலிஸே பார்க்க ஒன்ராறியோ அரசு விட்டிருந்தது, சட்ட உதவி அமைப்புகள் வழக்குப் போட்ட பிறகு அந்த ஜூலையில்தான் நிறுத்தியது. 2021 ஏப்ரல் 16-இல் அதைவிடப் பெரிய கூத்து: தெருவில் போகிற எவரையும் நிறுத்தி, ஏன் வெளியே வந்தாய், வீடு எங்கே என்று பொலிஸ் கேட்கலாம் என்று மாகாண முதல்வர் டக் ஃபோர்ட்டின் அரசு அறிவித்தது. ரொறன்ரோ, பீல் உட்படப் பொலிஸ் பிரிவுகள் பலவும் நாங்கள் கண்டபடி நிறுத்தமாட்டோம் என்று சொல்ல, அடுத்த நாளே அரசு பின்வாங்கியது. பொலிஸே வேண்டாம் என்று சொன்ன அதிகாரம் அது, ஊரில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இனிச் சுகாதாரப் பிரிவு. 2003-இல் சார்ஸ் வந்தபோது ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனையில் இருந்துதான் அது ரொறன்ரோவில் பரவியது, கனடாவில் 44 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 19-ஆம் நூற்றாண்டுத் தனிமைப்படுத்தல் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2005-இல் புதியதை நிறைவேற்றினார்கள். அது எல்லைக்கான சட்டம். விமான நிலையத்தில் தனிமைப்படுத்தல் அதிகாரி கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் கட்டாயம், "சொல்லமாட்டேன்" அங்கே எடுபடாது.

நாட்டுக்குள் வந்துவிட்டால் ஒன்ராறியோவின் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம். சின்னமுத்து (மீசில்ஸ்), காசநோய் என்று ஏதாவது தொற்றில் உங்கள் பெயர் வந்தால், முதலில் ஒரு தாதி ஃபோன் எடுப்பார். எடுங்கள்! யாரோடு இருந்தீர்கள், எங்கே போனீர்கள் என்று கேட்பது உங்களைப் பிடித்துக் கொடுக்க இல்லை. உண்மையில் அவர்தானா என்று சந்தேகம் என்றால் வைத்துவிட்டு, நகரத்தின் பொது நம்பருக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். அந்தச் சட்டத்தின்படி அவர்களும் உங்கள் வீட்டுக்குள் சம்மதம் இல்லாமல் வர முடியாது, நீதிபதியின் வாரன்ட் வேண்டும். ஊரில் டெங்கு பார்க்க பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவுக்குள் வந்து வாளியைக் கவிழ்ப்பதுபோல் இங்கே இல்லை.

ஆனால் ஒளிந்து திரிந்தால் 22-ஆம் பிரிவில் எழுத்துக் கட்டளை வரும்: வீட்டில் இரு, பரிசோதி, மருந்தை எடு. மீறினால் நாளொன்றுக்கு 5,000 டொலர் வரை அபராதம் போகலாம். காசநோய் போன்றவற்றில் சிகிச்சைக்கே போகாமல் இருந்தால், நீதிபதி ஆறு மாதம் வரை மருத்துவமனையில் தடுத்து வைக்கச் சொல்லலாம். கட்டளை பிழை என்று நினைத்தால் 15 நாளுக்குள் மேன்முறையீட்டுச் சபைக்கு எழுத வேண்டும், அதுவரை கட்டளையின்படி நடங்கள். விசா மருத்துவப் பரிசோதனையில் பழைய காசநோய் அடையாளம் இருக்கிறது என்று கடிதம் தந்திருந்தால், வழக்கமாக 30 நாளுக்குள் சுகாதாரப் பிரிவில் பதிய வேண்டும். ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) இல்லாதவர்களுக்கும் காசநோய் மருந்து இலவசம், காசுக்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள்.

தொற்று விதியை மீறியதற்கு அபராத டிக்கெட் கிடைத்தால் மேசை லாச்சிக்குள் போட்டு வைக்காதீர்கள், பதில் சொல்ல 15 நாள்தான். கிரிமினல் குற்றச்சாட்டு என்றால், குடியுரிமை இல்லாதவர் குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் முன் குடிவரவு தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். கைதானால் இலவச வழக்கறிஞரோடு ஃபோனில் பேச இரவு பகலாக உரிமை உண்டு. ஒன்ராறியோவின் தெற்காசிய சட்ட உதவி நிலையத்தில் தமிழிலும் பேசலாம்.

பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2024 ஒக்டோபரில் தொடங்கிய சின்னமுத்துப் பரவலில் ஒன்ராறியோவில் மட்டும் 2,000 பேருக்கு மேல் வந்தது. தடுப்பூசிப் பதிவு இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடம் 20 பள்ளி நாள் வரை நிறுத்தி வைக்கலாம், ஊசி போட்டிருந்தும் காகிதம் இல்லாமல் வீட்டில் இருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஊரில் தந்த ஊசி அட்டையை அம்மாவிடம் சொல்லி இன்றைக்கே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும்.